மெய்நிகர் நோயாளி கேஸ் சரியாக ஓடவில்லையா? அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

நர்சிங், மருத்துவ மாணவர்களுக்குக் கணினித் திரையில் வரும் மெய்நிகர் நோயாளியை வைத்துப் பயிற்சி தருகிறவர்கள் கொண்டுவரும் குறைகளில் முக்கால்வாசி "சாஃப்ட்வேர் சரியில்லை, வேறு வாங்கிவிடலாமா?" என்றுதான் தொடங்கும். சில சமயம் சாஃப்ட்வேர்தான் காரணம், அதையும் கீழே சொல்கிறேன். ஆனால் கேஸ் எழுதி, எழுதியதைத் திருத்தி, மாணவர்கள் அதை ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்து எனக்கு உறுதியாகிவிட்ட விஷயம் ஒன்று உண்டு. கேஸ் எதற்கு மார்க் தருகிறதோ அதைத்தான் மாணவர் கற்றுக்கொள்கிறார், கேஸ் எதைச் சும்மா கொடுத்துவிடுகிறதோ அதை அவர் கற்கவே மாட்டார். கீழே வரும் பல கோளாறுகளைத் தோண்டினால் இந்த இடத்துக்குத்தான் வந்து சேருவீர்கள்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இரண்டு வேலை செய்யுங்கள். ஒன்று, மூன்று மாணவர்களின் லாகை நேரத்தோடு எடுத்துப் பாருங்கள்: அதிக மார்க் வாங்கியவர், நடுவில் இருப்பவர், கடைசியில் இருப்பவர். மொத்த மார்க் வேண்டாம், எந்த வினாடியில் எதை அழுத்தினார் என்ற வரிசை வேண்டும். இரண்டாவது, அதே கேஸை நீங்களே வேண்டுமென்றே தப்பாக ஓட்டுங்கள். நான் ஐந்து விதமாக ஓட்டுவேன். எல்லாப் பட்டனையும் மேலிருந்து கீழாக அழுத்துவது, எதுவுமே செய்யாமல் இருப்பது, நோயாளியிடம் பேசாமல் நேராக மருந்துக்குப் போவது, வந்தவுடனே டாக்டரை அழைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொள்வது, யாராக இருந்தாலும் ஆக்சிஜனை முழுசாகத் திறந்துவிடுவது. ஒவ்வொன்றுக்கும் கேஸ் எத்தனை மார்க் தருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேர வேலைதான், அதற்குள் பாதிக் கோளாறு வெளியே வந்துவிடும்.

அறிகுறி: எல்லாரும் 90க்கு மேல் வாங்குகிறார்கள், ஆனால் யோசித்த மாதிரி தெரியவில்லை

லாகில் இப்படி இருக்கும்: கேள்விப் பட்டியலில் உள்ள அறுபது கேள்விகளும் வரிசை மாறாமல் கேட்கப்பட்டிருக்கும், ஒரு கேள்விக்கும் அடுத்ததற்கும் இடையில் இரண்டு வினாடி, அதாவது பதிலைப் படிக்கவே இல்லை. அப்புறம் எல்லா உடல் பரிசோதனையும், எல்லா ரத்தப் பரிசோதனையும், எக்ஸ்ரே, ஸ்கேன், எல்லாம். மாணவர் சோம்பேறி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். தேவையான கேள்விக்கு ஒரு மார்க், தேவையில்லாத கேள்விக்கு ஒன்றும் இல்லை என்று கணக்கு வைத்தால், எல்லாவற்றையும் அழுத்துவதுதான் புத்திசாலித்தனம். அவர் நம் கணக்கைச் சரியாகப் படித்திருக்கிறார்.

இந்தச் சிக்கல் கணினியோடு வந்ததில்லை. 1975இல் ரொனால்டு ஹார்டனும் சக ஆசிரியர்களும் ஸ்காட்லாந்தின் டண்டீயில் ஆஸ்கி என்ற மருத்துவச் செய்முறைத் தேர்வை அறிமுகப்படுத்திய பிறகு, செக்லிஸ்ட் வைத்து மார்க் போடுவது உலகமெங்கும் பரவியது. 1999இல் வெளியான ஓர் ஆய்வில் அனுபவமுள்ள மருத்துவர்கள் அந்த செக்லிஸ்ட்டில் மாணவர்களைவிடக் குறைவாக மார்க் வாங்கினார்கள். அனுபவசாலி நிறையக் கேட்பதில்லை, நாலு கேள்வியில் விஷயத்துக்கு வந்துவிடுகிறார். செக்லிஸ்ட்டுக்கு அந்தத் திறமை கண்ணுக்கே தெரியவில்லை. நம் மெய்நிகர் கேஸ்களில் பெரும்பாலானவை அதே செக்லிஸ்ட்டைத் திரைக்குள் எடுத்துவந்து வைத்தவைதான்.

சரி, என்ன செய்யலாம்? எல்லாவற்றையும் அழுத்தும் ஓட்டத்துக்கு உங்கள் கேஸ் 70க்கு மேல் தந்தால் மார்க் திட்டத்தையே கலைத்துவிட்டு மறுபடி எழுதுங்கள். ஜார்ஜ் போர்டாஷும் கார்டன் பேஜும் முன்வைத்த ‘கீ ஃபீச்சர்’ முறை இதற்கு நன்றாக உதவும். ஒரு கேஸில் நோயாளியின் போக்கையே மாற்றக்கூடிய முடிவுகள் நான்கைந்துதான் இருக்கும், அங்கே மட்டும் மார்க் வையுங்கள். உதாரணமாக நிமோனியா முற்றி செப்சிஸுக்கு (தொற்றால் உடலின் உறுப்புகளே பாதிக்கப்படும் நிலைக்கு) போய்க்கொண்டிருக்கும் ஒரு 68 வயதுக்காரர். மூச்சை எண்ணினாரா, குழப்பம் புதிதாக வந்தது என்று கண்டுபிடித்தாரா, உதவியை நேரத்தில் கேட்டாரா, ஆன்டிபயாடிக்கைத் தாமதிக்காமல் அதற்கு முன்பே பிளட் கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்ற பரிசோதனை) எடுக்க ஏற்பாடு செய்தாரா, ட்ரிப் போன பிறகு திரும்பி வந்து பி.பி. பார்த்தாரா. இவ்வளவுதான். பெயர், வயது, குடும்பத்தில் யாருக்குச் சர்க்கரை என்று கேட்டதற்கெல்லாம் மார்க் தேவையில்லை.

கூடவே கேள்விக்கு ஒரு விலை வையுங்கள், ஆனால் மார்க்கில் கழிக்காதீர்கள். மார்க்கைக் கழித்துப் பார்த்தேன். மாணவர்கள் பயந்து கேட்பதையே நிறுத்திவிட்டார்கள், கவனமாகக் கேட்கிறவர்கள்தான் அதிகம் அடிபட்டார்கள், அதனால் மறுவாரமே எடுத்துவிட்டேன். நேரம்தான் சரியான விலை. ஒரு கேள்வி கேட்டால் கேஸுக்குள் முப்பது வினாடி போகும், அந்த முப்பது வினாடியில் நோயாளி கொஞ்சம் மோசமாவார். அறுபது கேள்வி கேட்கிறவருக்கு அரை மணி நேரம் போய்விடும், பி.பி. எங்கே நிற்கிறது என்று அவரே பார்த்துக்கொள்வார்.

இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்தது: பத்தாவது கேள்விக்குப் பிறகு திரையை நிறுத்தி, "இப்போது உங்கள் மனதில் இருக்கும் மூன்று சாத்தியங்களை எழுதுங்கள், அடுத்துக் கேட்கப்போகும் கேள்வி இவற்றில் எதைத் தள்ளிவைக்கும்?" என்று கேளுங்கள். இதற்கு மார்க்கே போடாவிட்டாலும் பரவாயில்லை. அந்தப் பெட்டியைக் காலியாக விட்டுவிட்டு நகர முடியாது என்று வைத்தால் போதும், அதன் பிறகு லாகின் தோற்றமே மாறுவதைப் பார்ப்பீர்கள்.

அறிகுறி: திரையில் அருமையாகச் செய்கிறார்கள், படுக்கைக்குப் பக்கத்தில் தடுமாறுகிறார்கள்

இதுதான் என்னை ரொம்ப நாள் தூங்கவிடாமல் செய்த குறை. பயிற்சியின் நோக்கமே படுக்கைக்குப் பக்கத்தில் நிற்கும் அந்த நேரம்தானே.

மருத்துவக் கல்வியாளர் ஜார்ஜ் மில்லர் 1990இல் வரைந்த பிரமிடு பலருக்கும் தெரிந்திருக்கும். அடியில் தெரிந்திருப்பது, அதற்கு மேல் எப்படி என்று தெரிந்திருப்பது, அதற்கு மேல் செய்து காட்டுவது, உச்சியில் நிஜமாகவே செய்வது. மெய்நிகர் நோயாளி இரண்டாவது படியில் நன்றாக வேலை செய்யும், மூன்றாவதில் கொஞ்சம். நாம் அதை வாங்கி வைத்துவிட்டு நான்காவது படியை எதிர்பார்த்தால் குறை நம் கணக்கில்தான்.

ஆனால் அதையும் தாண்டி ஒரு காரணம் உண்டு, அதைச் சரிசெய்ய முடியும். கேஸைத் திறந்து, மாணவர் கேட்காமலேயே திரையில் என்னவெல்லாம் தெரிகிறது என்று எழுதுங்கள். பெரும்பாலும் ஒரு மானிட்டர், அதில் நாடித்துடிப்பு 118, பி.பி. 92/54, ஆக்சிஜன் 91, மூச்சு 24, காய்ச்சல் 38.6 என்று ஓடிக்கொண்டிருக்கும். வார்டில் இதில் எதுவுமே இலவசம் கிடையாது. குறிப்பாக மூச்சு. நோயாளி மோசமாகும்போது பல நேரம் முதலில் மாறுவது மூச்சின் வேகம்தான், வார்டு சார்ட்டில் எண்ணாமலேயே 18 என்றும் 20 என்றும் எழுதப்படுவதும் அதுதான். அதைத் திரையில் எண்ணாக எழுதிக் கொடுத்துவிட்டால், எண்ண வேண்டும் என்ற பழக்கம் எங்கிருந்து வரும்?

அதனால் எண்களை மறைத்துவிடுங்கள். மாணவர் பி.பி. கருவியை எடுத்துக் கட்டினால்தான் பி.பி. தெரிய வேண்டும், அதற்கும் கேஸ் நேரம் போக வேண்டும். மூச்சுக்கு எண் வேண்டவே வேண்டாம், நெஞ்சு ஏறி இறங்கும் ஒரு நிமிட வீடியோ போதும், எண்ணி அவரே பெட்டியில் எழுதட்டும். விரல் நுனியை அழுத்திவிட்டால் நிறம் திரும்ப எத்தனை வினாடி ஆகிறது என்பதையும் வீடியோவாக வையுங்கள், ‘கேப்பிலரி ரீஃபில் 4 வினாடி’ என்று எழுதிக் கொடுக்காதீர்கள்.

எண்ணை எடுத்த பிறகு அதைக் கூட்டுவதும் மாணவரின் வேலையாகவே இருக்கட்டும். லண்டனில் உள்ள ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2017இல் புதுப்பித்த, நோயாளி எவ்வளவு மோசம் என்று புள்ளிகளில் சொல்லும் நியூஸ்2 அட்டவணைப்படி, மேலே உள்ள எண்களோடு இருக்கும் அந்த 68 வயதுக்காரருக்கு மூச்சுக்கு 2, ஆக்சிஜனுக்கு 3, பி.பி.க்கு 2, நாடிக்கு 2, காய்ச்சலுக்கு 1, புதிதாக வந்த குழப்பத்துக்கு 3, ஆக மொத்தம் 13. ஏழு வந்தாலே அவசரநிலை. குழப்பத்தைக் கவனிக்காத மாணவருக்கு 10 வரும், மூச்சையும் எண்ணாமல் 18 என்று போட்டவருக்கு 8 வரும். மூவருமே உதவியைக் கூப்பிடத்தான் செய்வார்கள். ஆனால் இதே கேஸை ஒரு மணி நேரம் முன்னால் இருந்து தொடங்கினால், மற்ற எண்கள் இன்னும் அவ்வளவு கெடாத அந்த நேரத்தில், அந்த இரண்டு விடுதலும்தான் "காத்திருக்கலாம்" என்ற தவறான முடிவுக்குத் தள்ளும். அப்படி முன்னால் இருந்து தொடங்கும் ஒரு வடிவத்தையும் எழுதி வையுங்கள், எல்லாம் கைமீறிப் போன நேரத்திலேயே எப்போதும் கேஸைத் தொடங்காதீர்கள்.

போனில் டாக்டரிடம் சொல்வதையும் நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியாக வைக்காதீர்கள். நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை என்ற எஸ்பார் வரிசையில் வாய்விட்டுப் பேசிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். முதல் தடவை கேட்கும்போது பாதிப் பேர் பெயரிலும் வயதிலும் தொடங்கி, பி.பி. விழுந்துகொண்டிருக்கிறது என்ற செய்திக்கு வருவதற்குள் ஒரு நிமிடம் ஆகிவிடும். அதை அவர்களே திரும்பக் கேட்டால் போதும், நீங்கள் திருத்த வேண்டியதே இருக்காது.

இங்கே ஒரு எச்சரிக்கை. அமெரிக்காவில் நர்சிங் வாரியங்களின் தேசிய அமைப்பான என்.சி.எஸ்.பி.என். 10 நர்சிங் கல்லூரிகளில் நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வில், மருத்துவமனைப் பயிற்சி நேரத்தில் பாதி வரை சிமுலேஷனாக மாற்றியும் முடிவுகளில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை என்று தெரியவந்தது. உண்மைதான், முக்கியமான ஆய்வும்கூட. ஆனால் அங்கே டீப்ரீஃபிங்குக்கென்று, அதாவது கேஸ் முடிந்ததும் நடந்ததைப் பேசி அலசுவதற்கென்று, பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் இருந்தார்கள், ஒவ்வொரு அமர்வும் திட்டமிட்டு நடந்தது. மாணவரை லாகின் செய்யச் சொல்லிவிட்டு வீட்டுக்கு அனுப்புவதற்கு அந்த ஆய்வைச் சாட்சியாகக் காட்ட முடியாது.

அறிகுறி: "இப்படி ஒரு நோயாளி இருக்கவே முடியாது" என்று மாணவர்கள் சொல்கிறார்கள்

பெரும்பாலும் அவர்கள் சொல்வது சரிதான். காய்ச்சல் 39.5, பி.பி. 80/50, ஆனால் நாடித்துடிப்பு 72 என்று இருக்கும். எழுதியவர் ஒரு எண்ணை மாற்றிவிட்டு மற்றதை மறந்திருப்பார். காய்ச்சல் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் நாடி நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 10 ஏறும், பி.பி. விழுந்தால் இன்னும் ஏறும். 72 வேண்டுமென்றே வைத்தது என்றால் மருந்துப் பட்டியலில் நாடியை மெதுவாக்கும் ஒரு பீட்டா பிளாக்கர் இருக்க வேண்டும், அப்போது அதுவே அருமையான பாடமாகிவிடும்.

நோயாளி மாறவே இல்லை, அல்லது மருந்து கொடுத்த அடுத்த நொடியே குணமாகிவிடுகிறார் என்பது இதன் இன்னொரு வடிவம். வாய்வழி பாரசிட்டமால் கொடுத்தால் காய்ச்சல் இறங்க அரை மணியாவது ஆகும், நரம்பு வழியாகக் கொடுத்த, சிறுநீரைக் கூட்டும் ஃப்யூரோசமைடு ஐந்து நிமிடத்தில் வேலையைத் தொடங்கிவிடும். எல்லாமே உடனே நடந்தால் மாணவர் வார்டில் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு அடுத்த மருந்தைத் தேடுவார். நேரத்தைச் சுருக்குவதில் தப்பில்லை, ஆனால் திரையில் கேஸ் கடிகாரம் கண்ணில் படும்படி ஓட வேண்டும், "20 நிமிடம் கழிகிறது" என்று சொல்லிவிட்டு நகர வேண்டும்.

கேஸ் எழுதும்போது கிளை விட்டுக்கொண்டே போனால் இந்தக் கோளாறு தவிர்க்க முடியாதது. ஒரு கட்டத்துக்கு மூன்று தேர்வு, ஐந்து கட்டம் என்றாலே 243 முடிவுகள், எந்த மனிதரும் அத்தனைக்கும் எண்களைச் சரியாக எழுத மாட்டார். கிளைகளை விட்டுவிட்டு நிலைகளாக எழுதுங்கள்: தொடக்கம், மோசமாகுதல், ஆபத்து, தேறுதல். எந்தச் செயல் எந்த நிலைக்குக் கொண்டுபோகும், எதுவும் செய்யாவிட்டால் எத்தனை நிமிடத்தில் அடுத்த நிலை, அவ்வளவுதான். உடலியக்கத்தைக் கணக்கிட்டே ஓட்ட வேண்டும் என்றால் பயோகியர்ஸ், அதிலிருந்து பிரிந்து வளர்ந்த பல்ஸ் போன்ற திறந்த மூல இன்ஜின்கள் இருக்கின்றன. ஆனால் நர்சிங் முதல் வருடக் கேஸுக்கு நான்கு நிலை அட்டவணையே தாராளம்.

அறிகுறி: சரியான டோஸ் போட்டும் "தவறு" என்று வருகிறது

சின்னக் கோளாறு, ஆனால் மாணவரின் நம்பிக்கையை உடனே உடைத்துவிடும். அனபிலாக்சிஸ் (உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை) கேஸில் பெரியவருக்குத் தொடைத் தசையில் அட்ரினலின். ஒருவர் 0.5 மி.கி. என்று எழுதுவார், ஒருவர் 500 மைக்ரோகிராம் என்பார், இன்னொருவர் ஒரு மி.லி.க்கு ஒரு மி.கி. உள்ள ஆம்பியூலில் 0.5 மி.லி. என்பார். மூன்றும் ஒன்றே. எழுதியவர் முதலாவதை மட்டும் விடையாகப் போட்டிருப்பார். அளவு, அலகு, செறிவு, வழி என்று தனித்தனிப் பெட்டி வைத்துப் பின்னால் கணக்கிட்டுச் சரிபார்க்கச் செய்யுங்கள். அதோடு ".5" என்று முன்னால் சைபர் இல்லாமலும் "5.0" என்று பின்னால் தேவையில்லாத சைபரோடும் எழுதினால் ஏற்காமல் நிறுத்தி ஏன் என்று சொல்லட்டும். அந்தப் புள்ளி கண்ணில் படாமல் போனால் டோஸ் பத்து மடங்காகிவிடும்.

அறிகுறி: ஏஐ நோயாளி வாயைத் திறந்ததும் நோயின் பெயரையே சொல்லிவிடுகிறார்

பெரிய மொழி மாதிரிகளை நோயாளியாகப் பேச வைக்கத் தொடங்கிய பிறகு வந்த புதுக் குறைகள் இவை. "என்ன செய்கிறது?" என்று கேட்டால் "எனக்கு இடது கைக்குப் பரவும் நெஞ்சுவலி, வியர்வை, மூச்சுத்திணறல், புகைப்பழக்கம் உண்டு" என்று பாடப்புத்தகம் போல ஒப்பிக்கும். அல்லது மாணவர் மூன்று தடவை வற்புறுத்தினால் "ஆமாம், எனக்கு மாரடைப்புதான்" என்று ஒத்துக்கொள்ளும். நடுவில் பேச்சு நீண்டால் முதலில் இரண்டு நாளாக வலி என்றது ஒரு வாரம் ஆகிவிடும்.

முதல் வேலை, நோயாளிக்கான குறிப்பிலிருந்து நோயின் பெயரையே எடுத்துவிடுங்கள். அந்த நோயாளிக்கு அது தெரியாது, மாதிரிக்கும் தெரிய வேண்டியதில்லை. தன்னிடம் இல்லாததை அதனால் கசியவிட முடியாது. ஆனால் ஊகிக்க முடியும், அதனால் "மருத்துவப் பெயர் எதையும் நீங்களாகச் சொல்லாதீர்கள், தெரியாது என்று சொல்லுங்கள்" என்று தனியாக எழுதுங்கள்.

அப்புறம் நோயாளிக்குத் தெரிந்ததை நான்காகப் பிரித்து எழுதுங்கள்: தானாகச் சொல்வது, கேட்டால் மட்டும் சொல்வது, மரியாதையாக நேரம் கொடுத்துக் கேட்டால் மட்டும் சொல்வது, அவருக்கே தெரியாதது. மூன்றாவது பகுதிதான் உயிர். மாத்திரையை நிறுத்திவிட்டேன், வீட்டில் பயமாக இருக்கிறது, குடிப்பதுண்டு என்பதெல்லாம் அங்கே இருக்கட்டும். இது புதிய யோசனை இல்லை. மருத்துவர் ஹோவர்டு பாரோஸ் 1963இல் நோய் இல்லாதவர்களை நோயாளியாக நடிக்கப் பழக்கியபோதே, ஒரே நோயாளியை எல்லா மாணவரும் ஒரே மாதிரி சந்திக்க வேண்டும், ஆனால் மாணவர் நடந்துகொள்ளும் விதத்துக்கு ஏற்ப அந்த நோயாளி மனிதராகவும் இருக்க வேண்டும் என்ற இரண்டு தேவையும் இருந்தன. இன்றும் அதே இரண்டுதான்.

எண்களை மாதிரியிடம் விடவே விடாதீர்கள். பி.பி., ரத்தப் பரிசோதனை, ஈ.சி.ஜி. எல்லாம் அட்டவணையிலிருந்து வரட்டும், மொழி மாதிரி பேச்சுக்கு மட்டும். முடிவில் அது தரும் ஃபீட்பேக்கை உரையாடல் பதிவோடு வைத்து ஒரு தடவையாவது சரிபாருங்கள், மாணவர் கேட்ட கேள்வியைக் கேட்கவில்லை என்று அது சொல்லக்கூடும், அப்படி ஒரு தடவை நடந்தால் மாணவர் அதன் சொல்லை மறுபடி நம்ப மாட்டார். குரல் வழியாக ஓட்டினால் மருந்துப் பெயர்கள்தான் முதலில் சொதப்பும். பேசியது எழுத்தாகத் திரையில் வரட்டும், அனுப்பும் முன் திருத்த வசதி இருக்கட்டும். உச்சரிப்பு வித்தியாசத்துக்காக ஒரு மாணவருக்கும் மார்க் குறையக்கூடாது.

அறிகுறி: முதல் ஐந்து நிமிடம் மாணவர் அப்படியே உறைந்துவிடுகிறார்

லாகில் நீண்ட அமைதி, அப்புறம் தாறுமாறாக அழுத்தல். நோயாளியைப் பார்த்து உறைந்தாரா, திரையைப் பார்த்து உறைந்தாரா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். நேராகக் கேட்டால் சொல்லிவிடுவார்கள். பெரும்பாலும் திரைதான். ஸ்டெதஸ்கோப் எங்கே, போனை எப்படி எடுப்பது, இங்கே தப்பு செய்தால் என்ன ஆகும் என்ற கேள்விகளே மூளையின் பாதியைத் தின்றுவிடும், மீதியில்தான் நோயாளியைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கும்.

நோயே இல்லாத ஒரு நோயாளியை முதலில் கொடுங்கள். பத்து நிமிடம், மார்க் இல்லை, எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கட்டும். பிறகு கேஸுக்கு முன் நேருக்கு நேர் நான்கு விஷயம் சொல்லுங்கள்: நீங்கள் இங்கே என்ன பொறுப்பில் இருக்கிறீர்கள், யாரைக் கூப்பிடலாம், இந்தக் கேஸால் எதையெல்லாம் காட்ட முடியாது, இதன் மார்க் எங்கே போகும். கடைசியைச் சொல்லத் தயங்கினால் மாணவர்கள் மோசமானதைத்தான் கற்பனை செய்துகொள்வார்கள்.

அறிகுறி: டீப்ரீஃபிங்கில் யாரும் வாய் திறப்பதில்லை

கேஸ் முடிந்ததும் ஆசிரியர் இருபது நிமிடம் பேசுகிறார், மாணவர்கள் தலையாட்டுகிறார்கள். யார் எத்தனை நிமிடம் பேசினார்கள் என்று ஒரு தடவை கடிகாரம் வைத்துக் குறியுங்கள், அதைப் பார்த்தாலே பலர் தாமாக மாறிவிடுகிறார்கள்.

"ஏன் டாக்டரைக் கூப்பிடவில்லை?" என்ற கேள்வி ஒரு குற்றச்சாட்டு, அதற்கு வரும் பதில் "சாரி மேடம்" மட்டும்தான். ஜென்னி ருடால்ஃபும் சக ஆசிரியர்களும் சொல்லித்தந்த முறை வேறு. பார்த்ததைச் சொல்லு, உன் கவலையைச் சொல்லு, பிறகு உண்மையாகவே கேள். "ஆக்சிஜன் ஆரம்பித்து ஆறு நிமிடம் கழித்து டாக்டரை அழைத்தீர்கள். அதற்குள் பி.பி. இறங்கிக்கொண்டிருந்தது, அதனால் எனக்குக் கவலையாக இருந்தது. அந்த ஆறு நிமிடம் உங்கள் மனதில் என்ன ஓடிக்கொண்டிருந்தது?" இப்படிக் கேட்டபோது ஒரு மாணவி சொன்னாள்: "மேடம், ஆக்சிஜன் ஏறினால் பி.பி.யும் ஏறும் என்று நினைத்துக் காத்திருந்தேன்." பார்த்தீர்களா, அதுதான் அன்றைய பாடம். "ஏன் கூப்பிடவில்லை" என்று கேட்டிருந்தால் அது அவளுக்குள்ளேயே இருந்திருக்கும், அடுத்த நிஜ நோயாளியிடம் போயிருக்கும்.

தனியாக வீட்டிலிருந்து ஓட்டும் கேஸாக இருந்தால் டீப்ரீஃபிங்கை விட்டுவிடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. தானாக வரும் ஃபீட்பேக் பக்கம் அதற்கு ஈடாகாது. முடித்தவுடன் மூன்று கேள்விக்கு எழுத்தில் பதில், அடுத்த நாளே எல்லாரும் சேர்ந்து அரை மணி நேரம், கையில் அவரவர் லாக். நேரமில்லை என்றால் கேஸ்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள், இந்தப் பேச்சைக் குறைக்காதீர்கள்.

அறிகுறி: நோயாளி இறந்துவிட்டார், மாணவர் உடைந்துவிட்டார்

மரணம் அந்தக் கேஸின் பாடமா என்று எழுதும்போதே முடிவு செய்யுங்கள். பாடம் இல்லையென்றால், தாமதமானால் நோயாளியை ஐ.சி.யூ.வுக்கு மாற்றிவிட்டு நிறுத்துங்கள், விளைவின் கனம் அதிலேயே தெரிந்துவிடும். பாடம்தான் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், அன்று தனியாக ஓட்ட விடாதீர்கள், முடிந்ததும் மருந்து பற்றிப் பேசும் முன் "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டுக் காத்திருங்கள். வீட்டில் அண்மையில் ஒரு சாவு நடந்த மாணவர் யாரென்று உங்களுக்குத் தெரியாமலேயே இருக்கலாம், அதனால் விலகிக்கொள்ளும் வழியை எல்லாருக்கும் திறந்து வையுங்கள்.

அறிகுறி: முடித்தும் மார்க் கல்லூரியின் ஆன்லைன் பாடத் தளமான எல்.எம்.எஸ்.ஸில் ஏறவில்லை, பாதியில் விட்டது முதலிலிருந்து தொடங்குகிறது

இது நிஜமாகவே சாஃப்ட்வேர் கோளாறு. முதலில், சின்னக் கேஸில் சரியாக இருந்து நீளமான கேஸில் மட்டும் பாதியில் விட்ட இடம் மறந்துபோகிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் கேஸின் பேக்கேஜ், பாடத்தை எல்.எம்.எஸ்.ஸோடு இணைக்கும் ஸ்கார்ம் என்ற தரத்தின் 1.2 பதிப்பாக இருக்கலாம். அதில் இடைநிலையைச் சேமிக்கும் இடம் 4,096 எழுத்துதான், நிறைய அழுத்தினால் நிரம்பிவிடும். ஒரே கேஸைக் குறைவாக அழுத்தி ஒரு தடவை, நிறைய அழுத்தி ஒரு தடவை ஓட்டினால் உறுதியாகிவிடும். ஸ்கார்ம் 2004இன் மூன்றாம் பதிப்பில் அது 64,000 எழுத்து. மாற்றி ஏற்றுங்கள், அல்லது எக்ஸ்ஏபிஐ என்ற புதிய தரத்துக்குப் போங்கள்.

மார்க்கே வரவில்லை என்றால் மாணவர் எப்படி வெளியேறுகிறார் என்று கேளுங்கள். பலர் டேபை மூடிவிடுகிறார்கள். கடைசியில் மட்டும் மார்க்கை அனுப்பும்படி எழுதப்பட்டிருந்தால் மூடும் நேரத்தில் அனுப்புவதைப் பிரவுசர் நிறுத்திவிடலாம், ஒவ்வொரு முக்கிய முடிவிலும் அனுப்பும்படி மாற்றச் சொல்லுங்கள். சிலருக்கு மட்டும் கேஸ் திறக்கவே இல்லை என்றால் பெரும்பாலும் பாப்-அப் தடை, அல்லது மற்றத் தளங்களின் குக்கீயைப் பிரவுசர் தடுப்பது. எல்.எம்.எஸ். பக்கத்துக்குள்ளேயே திறக்காமல் புதிய விண்டோவில் திறக்க வைத்தால் பல நேரம் தீர்ந்துவிடும். அதுவரை லாகை வைத்துக் கையால் மார்க் ஏற்றுங்கள், செய்து முடித்த மாணவரை மறுபடி செய்யச் சொல்லாதீர்கள்.

அறிகுறி: வி.ஆர். ஹெட்செட் போட்டால் தலை சுற்றுகிறது

கண் நகர்வதாகச் சொல்கிறது, உட்காது இல்லை என்கிறது, அதுதான் காரணம். வழுக்கிக்கொண்டு நடப்பதை அணைத்துவிட்டு இடம் விட்டு இடம் தாவும் முறைக்கு மாற்றுங்கள், உட்கார்ந்து ஓட்டச் சொல்லுங்கள், முதல் தடவை பத்து நிமிடம் போதும். படம் விக்கி விக்கி ஓடினால் காட்சித் தரத்தைக் குறைத்தாவது வேகத்தைச் சீராக்குங்கள். லேசாகக் குமட்டும்போதே கழற்ற வேண்டும், தாங்கிக்கொண்டு முடிப்பது வேண்டாம். சிலருக்கு எதுவும் செய்தாலும் ஒத்துவராது, அவர்களுக்கு அதே கேஸ் சாதாரணத் திரையில், அதே மார்க்கோடு இருக்க வேண்டும்.

அறிகுறி: இரண்டாவது பேட்ச் பாதி நேரத்தில் முடித்துவிடுகிறது

கேஸ் வெளியே போய்விட்டது. மாணவர்களைத் திட்டிப் பயனில்லை, அவர்கள் பேசத்தான் செய்வார்கள், பேசவும் வேண்டும். ஒரே முகத்தோடு மூன்று நோயாளிகளை எழுதுங்கள். குழப்பத்தோடு வந்த அந்த 68 வயதுக்காரர் ஒருவருக்குச் செப்சிஸ், ஒருவருக்குச் சர்க்கரை 48க்கு இறங்கியிருக்கிறது, ஒருவருக்கு வலிக்காகக் கொடுத்த மார்ஃபின் கூடிப்போய் மூச்சு எட்டுக்கு வந்திருக்கிறது. வாசலில் சொல்லும் முதல் வரி மூன்றுக்கும் ஒன்றே: "காலையிலிருந்து ஒரு மாதிரியாக இருக்கிறார்." யாருக்கு எது வரும் என்பதைக் கணினி தேர்ந்தெடுக்கட்டும். முதல் பேட்ச் வெளியே போய் "செப்சிஸ்தான்" என்று சொன்னாலும், உள்ளே வருகிறவர் மூச்சை எண்ணி, விரலில் குத்திச் சர்க்கரையைப் பார்த்து, கண்ணின் பாப்பாவை டார்ச் அடித்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும்.